குருதிக்குழல்

குருதிக்குழல் அல்லது இரத்தக் குழாய் என்பது உடலில் குருதி பாய்ந்து செல்லும் குழாய் ஆகும். இதயம், குருதி, குருதிக்குழல்கள் ஆகிய மூன்றும் சேர்ந்து குருதிச் சுற்றோட்டத் தொகுதியை உருவாக்குகின்றன. இதயத்திலிருந்து குருதியை வெளியே எடுத்துச் செல்பவை தமனிகள், இதயத்துக்குக் குருதியைத் திருப்பிக் கொண்டு வருபவை சிரைகள், இவ்விரண்டையும் இணைத்து இழையங்களுடன் பொருட்களைப் பரிமாறிக்கொள்பவை தந்துகிகள் எனக் குருதிக்குழல்கள் மூன்று முதன்மை வகைகளாகப் பிரிக்கப்படுகின்றன.

குருதிக்குழல்கள் வெறும் கடத்தும் குழாய்கள் அல்ல. அவை உயிருள்ள உயிரணுக்களால் ஆனவை. தேவைக்கேற்ப விரிந்தும் சுருங்கியும் ஒவ்வோர் உறுப்புக்கும் செல்லும் குருதியின் அளவைத் தீர்மானிக்கின்றன. ஒவ்வொரு வகைக் குழலின் சுவரும் அது தாங்கவேண்டிய அழுத்தத்துக்கும் செய்யவேண்டிய பணிக்கும் ஏற்ப அமைந்துள்ளது. உயர் குருதி அழுத்தம், மாரடைப்பு, பக்கவாதம் ஆகியவற்றைப் புரிந்துகொள்ள இந்தச் சுவரின் அமைப்பை அறிந்திருத்தல் தேவையாகும்.

பெயர்கள்

தமிழில் குருதிக்குழல்களைக் குறிக்கும் சொற்கள் நாட்டுக்கு நாடு வேறுபடுகின்றன. தமிழ்நாட்டுப் பாடநூல்களில் தமனி, சிரை, தந்துகி என்னும் சொற்கள் வழங்குகின்றன. இலங்கைப் பாடநூல்களில் இவை முறையே நாடி, நாளம், மயிர்த்துளைக்குழாய் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் 'இரத்த நாளம்' என்பது எல்லா வகைக் குருதிக்குழல்களையும் குறிக்கும் பொதுச்சொல்லாகவும் வழங்குவதால், இரு நாட்டு நூல்களையும் சேர்த்துப் படிக்கும் மாணவர்கள் 'நாளம்' என்னும் சொல்லின் பொருளை இடம் நோக்கி அறிந்துகொள்ள வேண்டும்.

பேச்சு வழக்கில் தோலுக்கு அடியில் தெரியும் சிரைகளை 'நரம்பு' என்று அழைப்பதுண்டு. ஊசி போடுவதற்கு நரம்பு கிடைக்கவில்லை என்று சொல்லப்படும்போது குறிக்கப்படுவது சிரையே. அறிவியல் வழக்கில் நரம்பு என்பது மூளைக்கும் தண்டுவடத்துக்கும் உடலின் பிற பகுதிகளுக்கும் இடையே செய்திகளைக் கடத்தும் வேறோர் உறுப்பு ஆகும்.

இக்கட்டுரையில் தமனி, சிரை, தந்துகி என்னும் சொற்கள் பயன்படுத்தப்படுகின்றன.

சுவரின் அமைப்பு

தந்துகிகள் நீங்கலாக, குருதிக்குழல்களின் சுவர் பொதுவாக மூன்று உறைகளால் ஆனது.

உள்ளுறை: குருதியுடன் நேரடியாகத் தொட்டுக்கொண்டிருக்கும் உறை இது. இதன் உட்பரப்பில் தட்டையான உயிரணுக்கள் ஒரே அடுக்காகப் பரவியுள்ளன. இவ்வடுக்கு அகவணி அல்லது எண்டோதீலியம் எனப்படும். இது வழவழப்பாக இருந்து குருதி உறையாமல் பாய உதவுவதுடன், குழலை விரிவடையவும் சுருங்கவும் செய்யும் வேதிப்பொருட்களையும் சுரக்கிறது.

நடுவுறை: இது வட்டமாக அமைந்த மென்தசை உயிரணுக்களாலும், எலாஸ்டின் என்னும் மீள்தன்மையுள்ள புரத இழைகளாலும் ஆனது. மென்தசை நமது விருப்பத்துக்குக் கட்டுப்படாமல் இயங்குவதாகும். இது சுருங்கும்போது குழலின் உள்விட்டம் குறைகிறது; தளரும்போது விட்டம் கூடுகிறது.

வெளியுறை: இது பெரும்பாலும் கொலாஜன் இழைகளால் ஆனது. குழல் அளவுக்கு மீறி விரியாமல் காப்பதும், சுற்றியுள்ள இழையங்களுடன் குழலைப் பிணைத்து வைப்பதும் இதன் பணிகள். பெரிய குழல்களின் சுவர் தடிப்பாக இருப்பதால், உள்ளே ஓடும் குருதியிலிருந்து மட்டும் அச்சுவர் முழுவதும் ஆக்சிசனைப் பெற்றுவிட முடியாது. எனவே அச்சுவருக்கென்றே தனி நுண்குழல்கள் வெளியுறையில் உள்ளன.

தமனிகளில் நடுவுறையே தடித்தது. சிரைகளில் நடுவுறை மெல்லியது. பெரிய சிரைகளில் வெளியுறை தடித்துக் காணப்படும். தந்துகிகளில் அகவணியும் அதைத் தாங்கும் அடித்தள மென்படலமும் மட்டுமே உள்ளன.

வளர்ந்த ஒருவரின் குருதிக்குழல்களின் அளவுகள் ஏறத்தாழப் பின்வருமாறு:

பெருந்தமனி – உள்விட்டம் 25 மில்லிமீட்டர், சுவர் 2 மில்லிமீட்டர்
நடுத்தரத் தமனி – உள்விட்டம் 4 மில்லிமீட்டர், சுவர் 1 மில்லிமீட்டர்
நுண்தமனி – உள்விட்டம் 30 மைக்ரோமீட்டர், சுவர் 6 முதல் 20 மைக்ரோமீட்டர்
தந்துகி – உள்விட்டம் 5 முதல் 10 மைக்ரோமீட்டர், சுவர் 1 மைக்ரோமீட்டர் அல்லது அதனினும் குறைவு
நுண்சிரை – உள்விட்டம் 20 மைக்ரோமீட்டர், சுவர் 1 முதல் 2 மைக்ரோமீட்டர்
சிரை – உள்விட்டம் 5 மில்லிமீட்டர், சுவர் 0.5 மில்லிமீட்டர்
பெருஞ்சிரை – உள்விட்டம் 30 மில்லிமீட்டர், சுவர் 1.5 மில்லிமீட்டர்

(1 மைக்ரோமீட்டர் என்பது 1 மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஆகும்.)

வகைகள்

தமனிகள்

இதயத்தின் இடது கீழறையிலிருந்து புறப்படும் பெருந்தமனியே உடலின் மிகப்பெரிய தமனி ஆகும். பெருந்தமனியிலும் அதன் முதற்கிளைகளிலும் எலாஸ்டின் இழைகள் மிகுதி. இதயம் சுருங்கிக் குருதியை வெளியேற்றும்போது இவற்றின் சுவர் விரிந்து குருதியின் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்கிறது. இதயம் தளரும்போது சுவர் மீண்டும் பழைய நிலையை அடைந்து அக்குருதியை முன்னோக்கித் தள்ளுகிறது. இதயம் விட்டுவிட்டு இயங்கினாலும் உறுப்புகளுக்குக் குருதி இடையறாது செல்வது இதனால்தான். இந்த விரிவு அலையாகத் தமனிச் சுவர் வழியே பரவுவதே மணிக்கட்டில் ஆரைத் தமனியின் மேல் விரல் வைத்து உணரப்படும் நாடித்துடிப்பு ஆகும்.

இதயத்திலிருந்து தொலைவு கூடக்கூடத் தமனிகளில் எலாஸ்டின் குறைந்து தசை மிகுகிறது. இத்தமனிகள் குருதியை வெவ்வேறு உறுப்புகளுக்குப் பகிர்ந்தளிக்கின்றன.

நுண்தமனிகள்

தமனிகள் பலமுறை கிளைத்து நுண்தமனிகள் ஆகின்றன. இவற்றின் சுவரில் உள்ள தசை, குழலின் அளவை நோக்க மிகவும் மிகுதியானது. குருதிப் பாய்வுக்கு உடலில் ஏற்படும் தடையின் பெரும்பகுதி நுண்தமனிகளிலேயே உள்ளது. நீர்க்குழாயின் திருகைப் போல இவை செயற்பட்டு, எந்த உறுப்புக்கு எவ்வளவு குருதி செல்லவேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகின்றன.

தந்துகிகள்

சுற்றோட்டத் தொகுதியின் நோக்கம் நிறைவேறும் இடம் தந்துகியே. ஆக்சிசனும் குளுக்கோசும் இழையங்களுக்குச் செல்வதும், கார்பன் டை ஆக்சைடும் கழிவுகளும் குருதிக்கு வருவதும் இங்கேதான் நிகழ்கின்றன. சிவப்பணுவின் விட்டம் 7 முதல் 8 மைக்ரோமீட்டர் ஆகையால், பல தந்துகிகளில் சிவப்பணுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக, சில வேளைகளில் வளைந்து நெளிந்துதான் செல்ல முடியும். இதனால் சிவப்பணுவுக்கும் குழற்சுவருக்கும் இடையிலான தொலைவு குறைந்து பரிமாற்றம் எளிதாகிறது.

சுவரின் அமைப்பைப் பொறுத்துத் தந்துகிகள் மூன்று வகைப்படும். தசை, தோல், நுரையீரல் முதலியவற்றில் இடைவெளியற்ற தொடர் தந்துகிகள் உள்ளன. மூளையில் இவற்றின் உயிரணுக்கள் மிக நெருக்கமாகப் பிணைந்து, பல பொருட்கள் மூளைக்குள் நுழையாமல் தடுக்கின்றன. சிறுநீரகம், சிறுகுடல், நாளமில்லாச் சுரப்பிகள் ஆகியவற்றில் நுண்ணிய துளைகளையுடைய சாளரத் தந்துகிகள் காணப்படுகின்றன. கல்லீரல், மண்ணீரல், எலும்பு மச்சை ஆகியவற்றில் பெரிய இடைவெளிகளைக் கொண்ட அகன்ற தந்துகிகள் உள்ளன. இவற்றின் வழியே புரதங்களும், சில இடங்களில் குருதி அணுக்களும்கூடக் கடந்து செல்ல முடியும்.

கண்ணின் விழிவெண்படலம், விழிவில்லை, குருத்தெலும்பு, தோலின் மேற்புற அடுக்கு ஆகியவற்றில் தந்துகிகள் இல்லை. இவை அருகிலுள்ள நீர்மங்களிலிருந்தும் இழையங்களிலிருந்தும் தமக்கு வேண்டியவற்றைப் பெறுகின்றன. குருத்தெலும்பில் ஏற்படும் காயம் எளிதில் ஆறாமைக்கு இதுவும் ஒரு காரணமாகும்.

தந்துகியின் சுவர் வழியே குருதி நீர்மத்தின் ஒரு பகுதி வெளியே கசிகிறது. அது தந்துகியின் சிரைப்பக்க முனையில் பெரும்பாலும் உள்ளே திரும்பிவிடுகிறது என்றே பாடநூல்கள் நெடுங்காலம் கூறிவந்தன. பெரும்பாலான இழையங்களில் அந்நீர்மம் நிணநீர்க்குழல்கள் வழியாகவே குருதிக்குத் திரும்புகிறது என்பது பின்வந்த ஆய்வுகளால் தெளிவாகியுள்ளது. இந்தச் சமநிலை குலையும்போது இழையங்களில் நீர் தேங்கி வீக்கம் உண்டாகிறது.

சிரைகள்

தந்துகிகள் ஒன்றுசேர்ந்து நுண்சிரைகளாகவும், அவை சேர்ந்து சிரைகளாகவும், இறுதியில் மேற்பெருஞ்சிரை, கீழ்ப்பெருஞ்சிரை ஆகவும் மாறி இதயத்தின் வலது மேலறையை அடைகின்றன. சிரைகளில் அழுத்தம் குறைவாதலால் அவற்றின் சுவர் மெல்லியது, எளிதில் விரியக்கூடியது. ஓய்வு நிலையில் உடலின் மொத்தக் குருதியில் ஏறத்தாழ 64 விழுக்காடு சிரைகளிலும் நுண்சிரைகளிலும் உள்ளது. குருதி இழப்பு ஏற்படும்போது சிரைகள் சுருங்கி இந்த இருப்பிலிருந்து இதயத்துக்குக் குருதியை அனுப்புகின்றன.

கைகால்களின் சிரைகளில் ஒருபுறமாக மட்டும் திறக்கும் அடைப்பிதழ்கள் உள்ளன. அசையாமல் நிற்கும் ஒருவரின் பாதச் சிரைகளில் அழுத்தம் ஏறத்தாழ 90 மில்லிமீட்டர் பாதரசம் வரை உயரும். நடக்கும்போது காலின் தசைகள் சிரைகளை அழுத்திக் குருதியை மேலேற்றுகின்றன. அடைப்பிதழ்கள் அது கீழிறங்காமல் தடுக்கின்றன. இதனால் பாதச் சிரை அழுத்தம் 25 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடுகிறது. நீண்ட நேரம் அசையாமல் நிற்பவர்களுக்குக் கால் வீங்குவதன் காரணம் இதுவே.

சிரைகள் தோலின் ஊடாக நீலமாகத் தெரிந்தாலும் அவற்றிலுள்ள குருதி நீல நிறமானது அன்று. அது கருஞ்சிவப்பு நிறமுடையது. தோலில் ஒளி சிதறி மீளும் முறையாலேயே சிரை நீலமாகத் தோன்றுகிறது.

சுற்றோட்டப் பாதைகள்

இடது கீழறையிலிருந்து உடல் முழுவதும் சென்று வலது மேலறைக்குத் திரும்பும் பாதை உடற் சுற்றோட்டம் எனவும், வலது கீழறையிலிருந்து நுரையீரலுக்குச் சென்று இடது மேலறைக்குத் திரும்பும் பாதை நுரையீரற் சுற்றோட்டம் எனவும் அழைக்கப்படும்.

தமனியில் ஆக்சிசன் மிகுந்த குருதியும் சிரையில் ஆக்சிசன் குறைந்த குருதியும் ஓடும் என்பது பொதுவான கூற்று. ஆயினும் தமனி, சிரை என்னும் பாகுபாடு குருதி செல்லும் திசையைப் பொறுத்தது, ஆக்சிசனைப் பொறுத்தது அன்று. நுரையீரல் தமனியில் ஆக்சிசன் குறைந்த குருதியும், நுரையீரல் சிரைகளில் ஆக்சிசன் மிகுந்த குருதியும் ஓடுகின்றன. கருவிலுள்ள குழந்தையின் தொப்புள்கொடியிலும் இவ்வாறே. அதிலுள்ள 2 தமனிகள் ஆக்சிசன் குறைந்த குருதியைக் கொண்டு செல்ல, ஒரேயொரு சிரை ஆக்சிசன் மிகுந்த குருதியைக் கொண்டு வருகிறது.

சில இடங்களில் ஒரு தந்துகித் தொகுதியிலிருந்து வரும் குருதி இதயத்துக்குச் செல்லாமல் மற்றொரு தந்துகித் தொகுதிக்குச் செல்கிறது. குடலிலிருந்து கல்லீரலுக்குச் செல்லும் கல்லீரல் போர்ட்டல் சிரை இதற்கு எடுத்துக்காட்டாகும். உணவிலிருந்து உறிஞ்சப்பட்ட சத்துகளும், உட்கொண்ட மருந்துகளும் உடல் முழுவதும் பரவுமுன் கல்லீரலைக் கடக்க இது வழிசெய்கிறது.

பாய்வின் இயற்பியல்

அழுத்தம்: ஓய்வில் இருக்கும் நலமுள்ள ஒருவரின் பெருந்தமனியில் அழுத்தம், இதயம் சுருங்கும்போது ஏறத்தாழ 120 மில்லிமீட்டர் பாதரசமாகவும் தளரும்போது 80 ஆகவும் இருக்கும். நுண்தமனிகளைக் கடந்து தந்துகியின் தொடக்கத்தை அடையும்போது அது 30 முதல் 35 ஆகக் குறைந்து, வலது மேலறையில் ஏறத்தாழச் சுழியாகிறது. நுரையீரல் தமனியின் அழுத்தம் 25/8 அளவே ஆகையால் அதன் சுவரும் பெருந்தமனியின் சுவரைவிட மெல்லியது.

வேகம்: இதயம் ஓய்வில் நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 லிட்டர் குருதியை வெளியேற்றுகிறது. பெருந்தமனியின் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 5 சதுர சென்டிமீட்டர். ஆகவே அதில் குருதியின் சராசரி வேகம் நொடிக்கு 17 சென்டிமீட்டர் அளவாகும். தந்துகி ஒவ்வொன்றும் மிகச் சிறியதாயினும் எல்லாத் தந்துகிகளின் மொத்தக் குறுக்குப் பரப்பு ஏறத்தாழ 2500 சதுர சென்டிமீட்டர், அதாவது 500 மடங்கு. எனவே அங்கே வேகம் நொடிக்கு 0.3 மில்லிமீட்டராகக் குறைகிறது. ஆறு அகன்ற ஏரியில் புகும்போது மெதுவாவதைப் போன்றது இது. தந்துகியின் நீளம் 1 மில்லிமீட்டருக்கும் குறைவாதலால், குருதி அதைக் கடக்க 1 முதல் 3 நொடிகள் ஆகின்றன. பரிமாற்றத்துக்கு இந்த நேரம் போதுமானது.

தடை: குழாயில் ஒழுங்காகப் பாயும் நீர்மத்தின் அளவு, அழுத்த வேறுபாடு மாறாதிருக்குமாயின், குழாயின் ஆரத்தின் நான்காம் அடுக்குக்கு நேர்விகிதத்தில் இருக்கும். இது புவாசேய் விதி எனப்படும். ஆரம் பாதியானால் பாய்வு பதினாறில் ஒரு பங்காகிவிடும். ஆரம் 10 விழுக்காடு குறைந்தாலே பாய்வு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். குருதி எளிய நீர்மம் அன்று ஆதலால் இவ்விதி முழுமையாகப் பொருந்துவதில்லை. எனினும் நுண்தமனியின் சிறு சுருக்கமும் தமனியின் சிறு அடைப்பும் ஏன் பெரும் விளைவை உண்டாக்குகின்றன என்பதை இது விளக்குகிறது.

சுவரின் இழுவிசை: குழாய்ச் சுவர் தாங்கவேண்டிய இழுவிசை, உள்ளழுத்தத்தையும் ஆரத்தையும் பெருக்கக் கிடைக்கும் அளவாகும். இது லாப்லாஸ் விதி. தந்துகியின் ஆரம் மிகச் சிறியது ஆகையால், அதன் சுவர் தாங்கும் இழுவிசை பெருந்தமனியின் சுவர் தாங்குவதில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. ஒற்றை உயிரணு அடுக்கால் ஆன சுவர் கிழியாமல் இருப்பது இதனால்தான். மாறாக, தமனிச் சுவர் ஓரிடத்தில் நலிந்து புடைத்தால், ஆரம் கூடி இழுவிசையும் கூடுகிறது. அதனால் புடைப்பு மேலும் பெரிதாகிறது. தமனிப் புடைப்பு நோய் தானாகவே முற்றிச் செல்வதற்குரிய காரணம் இதுவாகும்.

கட்டுப்பாடு

குருதிக்குழல்களின் விட்டம் மூன்று வழிகளில் கட்டுப்படுத்தப்படுகிறது.

நரம்பு வழி: பரிவு நரம்புகள் நார்அட்ரீனலினை வெளியிட்டுப் பெரும்பாலான குழல்களைச் சுருங்கச் செய்கின்றன. படுத்திருப்பவர் எழுந்து நிற்கும்போது அரை லிட்டருக்கும் மேற்பட்ட குருதி கால்களை நோக்கி இறங்குகிறது. கழுத்துத் தமனியிலும் பெருந்தமனி வளைவிலும் உள்ள அழுத்த உணரிகள் இதை உடனே அறிந்து குழல்களைச் சுருக்கி மூளைக்குச் செல்லும் குருதியைக் காக்கின்றன. இச்செயல் தாமதித்தால் தலைசுற்றல் ஏற்படும்.

இயக்குநீர் வழி: அட்ரீனலின், ஆஞ்சியோடென்சின், வாசோபிரசின் முதலிய இயக்குநீர்கள் குழல்களின் மீது செயற்படுகின்றன.

இழையத்தின் வழி: உழைக்கும் தசையில் ஆக்சிசன் குறைந்து கார்பன் டை ஆக்சைடு மிகும்போது அங்குள்ள நுண்தமனிகள் தாமாகவே விரிகின்றன. ஓய்வில் இதயம் வெளியேற்றும் குருதியில் 15 முதல் 20 விழுக்காடு பெறும் எலும்புத் தசைகள், கடும் உடற்பயிற்சியின்போது 80 விழுக்காடு வரை பெறுகின்றன. அகவணி சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடும் குழல்களை விரிக்கிறது. இதைக் கண்டறிந்தமைக்காக ராபர்ட் ஃபுர்ச்காட், லூயி இக்னாரோ, ஃபெரிட் முராட் ஆகியோருக்கு 1998ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது.

வரலாறு

இறந்த உடலில் தமனிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்பட்டதால், பண்டைய கிரேக்கர் சிலர் அவற்றில் காற்று ஓடுவதாகக் கருதினர். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கேலன் தமனிகளிலும் குருதியே உள்ளது என்று காட்டினார். ஆயினும் குருதி கல்லீரலில் தொடர்ந்து உருவாகி உறுப்புகளில் செலவழிந்துவிடுகிறது என்பது அவரது கொள்கை. இக்கொள்கை ஐரோப்பாவில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிலவியது. 13ஆம் நூற்றாண்டில் அரபு மருத்துவர் இப்னு அல்-நஃபீசு, குருதி இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரல் வழியாகவே இடப்புறத்தை அடைகிறது என எழுதினார்.

1628இல் இங்கிலாந்தின் வில்லியம் ஹார்வி, குருதி உடலில் சுற்றிவருகிறது என்பதை நிறுவினார். ஒரு துடிப்பில் இதயம் வெளியேற்றும் குருதியை மிகக் குறைவாகவே மதிப்பிட்டாலும், அரை மணி நேரத்தில் வெளியேறும் அளவு உடலிலுள்ள மொத்தக் குருதியைவிட மிகுதியாகிறது. அவ்வளவு குருதி உணவிலிருந்து உருவாக முடியாது, ஆகவே அதே குருதிதான் திரும்பி வரவேண்டும் என்பது அவரது வாதம். தமனியிலிருந்து சிரைக்குக் குருதி செல்லும் வழியை மட்டும் அவரால் காண இயலவில்லை. ஹார்வி 1657இல் இறந்தார். நான்கு ஆண்டுகள் கழித்து, 1661இல், இத்தாலியின் மார்செல்லோ மால்பிகி நுண்ணோக்கியால் தவளையின் நுரையீரலில் தந்துகிகளைக் கண்டார்.

தந்துகிகளில் பாய்வு கட்டுப்படுத்தப்படும் முறையைக் கண்டறிந்தமைக்காக டென்மார்க்கின் ஆகஸ்ட் குரோக் 1920இல் நோபல் பரிசு பெற்றார். உடலின் குருதிக்குழல்கள் அனைத்தையும் இணைத்தால் 1,00,000 கிலோமீட்டர் நீளும் என்று பல நூல்களில் காணப்படும் கூற்று அவரது மதிப்பீட்டிலிருந்து வந்தது. அது மிகப் பெரிய தசைப்பருமன் கொண்ட உடலை அடிப்படையாகக் கொண்டது. பிற்கால மதிப்பீடு இந்நீளத்தை 9,000 முதல் 19,000 கிலோமீட்டர் எனக் குறைத்துக் கூறுகிறது.

நோய்கள்

தமனித் தடிப்பு: உயர் குருதி அழுத்தம், புகைபிடித்தல், நீரிழிவு, மிகுந்த கொலஸ்டிரால் ஆகியவற்றால் அகவணி பழுதுறும்போது, உள்ளுறையில் கொழுப்பும் அழற்சி உயிரணுக்களும் சேர்ந்து படிவுகள் உண்டாகின்றன. இவை பல ஆண்டுகள் எவ்வித அறிகுறியும் இன்றி வளரக்கூடும். படிவின் மேலுறை கிழிந்தால் அவ்விடத்தில் குருதி உறைந்து குழலை அடைத்துவிடும். இது இதயத் தமனியில் நிகழ்ந்தால் மாரடைப்பும், மூளைக்குச் செல்லும் தமனியில் நிகழ்ந்தால் பக்கவாதமும் ஏற்படுகின்றன. குழலைச் சிறிதளவே குறுக்கியிருந்த படிவும் இவ்வாறு கிழியலாம் ஆதலால், முன்னர் நெஞ்சுவலி இல்லாதவருக்கும் மாரடைப்பு வரலாம்.

உயர் குருதி அழுத்தம்: மருத்துவ நிலையத்தில் வெவ்வேறு நாட்களில் அளக்கும்போது 140/90 அல்லது அதற்கு மேல் இருப்பது பொதுவாக உயர் குருதி அழுத்தமாகக் கொள்ளப்படுகிறது. பெரும்பாலோருக்கு இது வலியோ தொல்லையோ தருவதில்லை. அளந்து பார்த்தால் மட்டுமே அறிய முடியும்.

நீரிழிவுப் பாதிப்பு: நீடித்த மிகை குளுக்கோசு விழித்திரை, சிறுநீரகம் ஆகியவற்றின் நுண்குழல்களைப் பழுதாக்குகிறது.

சிரை நோய்கள்: அடைப்பிதழ்கள் பழுதடைந்து கால் சிரைகள் புடைத்துச் சுருள்வது சுருள்சிரை நோய் ஆகும்; இது பேச்சு வழக்கில் நரம்புச் சுருட்டல் எனப்படும். காலின் ஆழ்சிரைகளில் உறையும் குருதிக்கட்டி பெயர்ந்து நுரையீரல் தமனியை அடைத்தால் உயிருக்கு ஆபத்தாகும்.

குருதிப்பெருக்கு: தமனி வெட்டுண்டால் ஒளிர்சிவப்புக் குருதி துடிப்புடன் பீறிடும். சிரையிலிருந்து கருஞ்சிவப்புக் குருதி சீராக வழியும். தந்துகிகளிலிருந்து மெதுவாகக் கசியும். எவ்வகையாயினும், காயத்தின் மேல் தூய துணியை வைத்து இடைவிடாமல் அழுத்திப் பிடிப்பதே முதலுதவியின் முதற்படி ஆகும்.

சிகிச்சை: அறுந்த குழல்களைத் தைத்து இணைக்கும் முறையை உருவாக்கிய அலெக்சிஸ் காரெல் 1912இல் நோபல் பரிசு பெற்றார். உறுப்பு மாற்று அறுவைக்கு அம்முறையே அடிப்படையாயிற்று. 1977இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருண்ட்சிக், முனையில் சிறு பலூன் பொருத்திய குழாயைச் செலுத்தி மனித இதயத் தமனியின் அடைப்பை முதன்முறையாக விரித்தார். பின்னர் விரிந்த இடம் மீண்டும் குறுகாதிருக்க ஸ்டென்ட் எனப்படும் வலைக்குழாய் பொருத்தும் முறை வழக்கத்துக்கு வந்தது. அடைபட்ட பகுதிக்கு மாற்றாகக் காலிலுள்ள சிரையையோ மார்பிலுள்ள தமனியையோ இணைப்பது மாற்றுவழி அறுவை ஆகும். அவ்வாறு தமனியின் இடத்தில் வைக்கப்பட்ட சிரை, தமனியின் அழுத்தத்தைத் தாங்கும் வகையில் நாளடைவில் தன் சுவரைத் தடிப்பாக்கிக்கொள்கிறது. அத்தடிப்பு அளவு மீறினால் அதுவே புதிய அடைப்புக்கும் காரணமாகலாம்.